ஒன்பதாம் அத்தியாயத்து ஆந்தை

செஞ்சியில் ஆந்தை கிடையாது என்ற செய்தி 1962ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் அச்சில் வந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. ஆந்தைகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

புத்தகத்தை எழுதியவர் சந்திரநாத நயினார். நெல் மண்டி, நாற்பது காணி நஞ்சை, மேல்சித்தாமூர் மடத்துத் திருவிழாவில் முன்வரிசையில் ஓர் இடம் என்று, ஒரு மனிதருக்கு வேண்டியதெல்லாம் அவருக்கு இருந்தது. ஐம்பத்தோராம் வயதில் லாரி டயர் வாங்க மதராசுக்குப் போனவர், மூர் மார்க்கெட்டில் டயர் சரியாக அமையாமல், பட்டாளத்துத் தொலைநோக்கி ஒன்றோடு திரும்பி வந்தார். தொலைநோக்கி வந்த பிறகு அதில் பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது. கோட்டையைப் பார்த்தார். அது தொலைநோக்கி இல்லாமலே மூன்று மலை அளவுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்த்தார். அவர் மனைவி ஜெயமாலா, "அங்க இன்னா பார்வை?" என்று கேட்டாள். பறவைகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

செஞ்சி வட்டப் பறவை ஆய்வுக் கழகம் அந்த வாரமே உதயமானது. தலைவர் நயினார். செயலாளர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் செல்லப்பன். பொருளாளர் மறுபடியும் நயினார். கழகத்துக்கு முதலில் கடிதத் தாள் அச்சடித்தார்கள். அப்புறம் பறவைகளைப் பார்க்கப் போனார்கள்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நயினார் உண்மையாகவே பார்த்தார். தோட்டத்து முருங்கையில் தேன்சிட்டு கூடு கட்டியதை இருபத்திரண்டு நாள் பார்த்து எழுதிய பக்கங்கள் நன்றாகவே இருந்தன. அவற்றில் செல்லப்பன் கை வைக்கவில்லை. செட்டிகுளத்து ஆள்காட்டி, ராஜகிரி அடிவாரத்துப் பனங்காடை, மின்கம்பியில் உட்கார்ந்து வாலை ஆட்டும் கரிச்சான் என்று அறுபத்து மூன்று பறவைகளை அவர் தம் கண்ணால் கண்டு எழுதினார். கண்ணால் காணாததை எழுதுவதில்லை என்பது அவருடைய விஞ்ஞானம்.

அந்தக் கண்ணுக்கு ஒரு நேரம் இருந்தது. கழகத்தின் ஏழாவது விதிப்படி பறவை பார்ப்பது காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளித்துவிடுவது சமணர்களான நயினார்மார் வீட்டு வழக்கம். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் உயிர் சோற்றோடு உள்ளே போய்விடும். சந்திரநாதர் இன்னும் ஒரு படி மேலே போனவர். வீட்டுக்குக் கரண்டு வந்த பிறகும், பல்பைச் சுற்றிப் பூச்சி விழுந்து சாகுமே என்று ஏழு மணிக்கு அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஆகவே பதினான்கு மாதம் நாள் தவறாமல் பார்த்தும் அவர் கண்ணில் ஓர் ஆந்தைகூடப் படவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. ஒன்பதாம் அத்தியாயம் எழுதினார். தலைப்பு: 'செஞ்சியில் இல்லாத பறவைகள்'. அதில் நான்கு பறவைகள் இருந்தன: நெருப்புக்கோழி, பென்குயின், அன்னம், ஆந்தை.

முதல் மூன்றைப் பற்றி இன்றுவரை யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நான்காவதைப் பிடித்துக்கொண்டு செல்லப்பன் முன்னுரையில் மூன்று பக்கம் ஓடினார். அபசகுனப் பறவை அண்ட அஞ்சும் அறநகர் நம் செஞ்சி என்று எழுதினார். வெளியீட்டு விழாவில் அந்த வரியை அவர் வாசித்தபோது கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. அன்று ராத்திரி ஏரிக்கரைப் பனைமரத்திலிருந்து வழக்கம்போல அலறல் கேட்டது. கேட்டவர்கள் பூனை என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் படுத்தார்கள். அச்சில் வந்த பிறகு வேறென்ன சொல்ல முடியும்.

ஐந்நூறு பிரதிகள் அச்சாகின. பதினொன்று விற்றன. ஐம்பத்தொன்பது பிரதிகள் அன்பளிப்பாக நாலா பக்கமும் தபாலில் போயின. அவற்றில் ஒன்று, கோட்டையைப் பராமரிக்கும் இலாகாவின் மதராஸ் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நயினார் அதை மறந்துபோனார். இலாகா எதையும் மறப்பதில்லை.

கோட்டையில் காவலராக இருந்தவர் ஜெயராமன். அவருடைய அப்பன், பாட்டன் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் காக்கிச் சட்டை அவருடையதுதான். பதினொரு வருஷ சர்வீஸ். சட்டையை அவர் மனைவி மீனம்பாள் துவைத்து, சொம்பில் நெருப்புத் துண்டு போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், அவருடைய அப்பனை ஒரு காலத்தில் 'டேய்' என்று கூப்பிட்டவர்கள்கூட, 'இன்னா ஜெயராமா, ட்யூட்டியா?' என்று கேட்பார்கள்.

தை மாதம் இலாகாவுக்குப் பெயர் போடாத ஒரு மனு போனது. கோட்டைக் களஞ்சியத்திலிருந்து ராத்திரியில் பயங்கரமான சத்தம் வருகிறது, உள்ளே புதையல் தோண்டுகிறார்கள், காவலரும் அதில் பங்கு என்று மனுவில் இருந்தது. எழுதியவருக்கு வேலையில்லாத மச்சான் ஒருவன் இருந்தான் என்பதைத் தவிர வேறு எதுவும் நமக்குத் தெரியாது. இலாகா ஜெயராமனிடம் விளக்கம் கேட்டது. எட்டாவது வரைக்கும் படித்திருந்த ஜெயராமன் ஒரே வரியில் எழுதினார்: 'அய்யா, அது ஆந்தை.'

பத்து நாளில் பதில் வந்தது. மீனம்பாள் அடுப்படியில் இருந்தாள். ஜெயராமன் வாசலிலேயே நின்று படித்தார். படித்து முடித்தவர் உள்ளே வரவில்லை.

"இன்னாய்யா எழுதிக்கிறாங்க?"

"செஞ்சியில ஆந்தயே இல்லியாம்."

"யார் சொன்னது?"

"புஸ்தகத்துல போட்டிருக்குதாம். நயினார் எழுதினது. தொண்ணூத்தி ஒண்ணாவது பக்கம்." அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. "இல்லாத ஆந்த கத்துச்சுன்னு பொய் சொன்னதுக்காக என்ன ஏன் வேலய விட்டு நீக்கக் கூடாதுன்னு பாஞ்சு நாள்ல சொல்லணுமாம். இருபத்தி ஒண்ணாந்தேதி வியாழக்கிழம ஆபீசர் வராராம்."

மீனம்பாள் கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். தினமும் கூரைக்கு மேலே பறந்து போகிற ஒன்று இல்லை என்று கவர்மெண்டு சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள்.

"அப்ப நேத்து கத்துனது யாரு?" என்றாள்.

மறுநாள் காலை ஜெயராமன் போனபோது நயினார் தோட்டத்தில் இருந்தார். ஒரு கொண்டலாத்தி தலைக்கொண்டையை விரித்துக்கொண்டு எருக்குழி ஓரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நயினார் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டி, ஜெயராமனை அங்கேயே நிற்கச் சொன்னார்.

"நயினாரே, என் வேல போவுது."

"மெதுவா. பறந்துடும்."

"மெதுவாத்தான் போவுது. பாஞ்சு நாள் டைம் குடுத்திருக்காங்க." ஜெயராமன் கிசுகிசுத்தார். பறவைக்குத் தொந்தரவு இல்லாத குரலில் தன் கதை முழுவதையும் சொல்லி முடித்தார். இந்தக் குரலில் சொன்னபோது அது யாரோ ஒருவருடைய கஷ்டம்போல அவருக்கே தோன்றியது.

"ஆந்தய நீ பாத்திருக்கலாம்," என்றார் நயினார். "நான் பாக்கலியே."

"வந்து பாருங்க. களஞ்சியத்து வளைவுல ஒரு பொந்துல குடியிருக்குது. எங்காளுங்க சாக்குருவின்னு சொல்லுவாங்க. பொழுது சாஞ்சதும் வெளிய வரும்."

"அது நான் சாப்ட்டுப் படுக்கற நேரமாச்சே."

"ஒரு நாளைக்கு நாலு மணிக்கே சாப்ட்டுட்டு வாங்களேன்."

"வந்துட்டு? இருட்டுல எப்படிப் பாக்கறது?"

"எங்கிட்ட டார்ச் லைட்டு இருக்குது."

"டார்ச் அடிச்சா பூச்சி வந்து உழும். நான் நடந்து வர வழியில எறும்பு எத்தினி மிதிபடும். ஒரு ஆந்தயப் பாக்க அத்தன உசுரா?"

"அப்ப நானே புடிச்சி ஒரு கோணியில போட்டு எடுத்தாறட்டா?"

நயினார் தொலைநோக்கியை இறக்கினார். அன்றைக்கு அவர் முதல் முறையாக ஜெயராமனைப் பார்த்தது அப்போதுதான். "உசுருள்ள ஒண்ணக் கோணியில போடுவியா? அப்படிச் செஞ்சின்னா நானே உம்மேல மனு எழுதுவேன்."

"ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுங்க," என்றார் ஜெயராமன்.

கொண்டலாத்தி பறந்துவிட்டது. அந்த வருத்தத்திலோ இரக்கத்திலோ, மறுநாள் பகலில் களஞ்சியத்துக்கு வருவதாக நயினார் ஒப்புக்கொண்டார். செல்லப்பன் குடை பிடிக்க, பத்து மணிக்கு வந்தார். களஞ்சியத்துக்குள் குளிர்ச்சியாக, இருட்டாக இருந்தது. இருபதடி உயரத்தில் இருந்த பொந்தை நயினார் தொலைநோக்கியால் அரைமணி நேரம் பார்த்தார். தொலைநோக்கியில் இருட்டு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஜெயராமன் கீழே கிடந்த கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்து விரலால் உடைத்துக் காட்டினார். ரோமமும் எலும்பும் இருந்தன. பட்டாணி அளவில் ஓர் எலியின் மண்டை ஓடு, பல்லோடு இருந்தது. "இது தின்னுட்டுத் துப்புனது."

நயினார் கண்ணை மூடிக்கொண்டார். "பூன."

"பூன இருபதடி செவுத்துல ஏறி, பொந்துல ஒக்காந்து துப்புதுங்களா?"

"பூனயப் பத்தி நான் ஆராய்ச்சி பண்ணல, ஜெயராமா."

"ஐயா கண்ணால் காணாததை எழுதுவதில்லை," என்று செல்லப்பன் குடையை மடக்கினார்.

இருபத்தோராம் தேதி மூன்று மணிக்கு ஜீப் வந்தது. விசாரணை அதிகாரி ராமகிருஷ்ணன் நாற்பது வயதுக்காரர். மெலிந்த உடம்பு, தடித்த ஃபைல். பயணியர் விடுதியில் வெள்ளையடிப்பு நடந்ததால் விசாரணையை நயினார் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர மற்றவர்களுக்கு ஜெயமாலா சுண்டல் கொடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தூண் ஓரம் நின்ற ஜெயராமனுக்கும் இலையில் கொடுத்தாள். காக்கிச் சட்டை அன்றைக்கு விறைப்பாக இருந்தது. அதைப் போடுவது கடைசித் தடவையாக இருக்கலாம் என்று மீனம்பாள் கஞ்சி கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தாள்.

அதிகாரி ஃபைலைப் பிரித்தார். சாட்சியம் எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்று குறைந்தது. "புத்தகம் வேணுமே, மிஸ்டர் சந்திரநாதன். எக்ஸிபிட் ஒன்னு. ஆபீஸ் காப்பியை மேலதிகாரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. தொட்டில் கால் ஆடுதுன்னு முட்டுக் குடுத்திருக்காங்களாம். எடுத்தா குழந்த முழிச்சுக்கும்."

நயினாரின் சொந்தப் பிரதி தோல் அட்டை போடப் புதுச்சேரிக்குப் போயிருந்தது. செல்லப்பன் தம் பிரதியை ஒரு பேச்சுப் போட்டியில் பரிசாகக் கொடுத்துவிட்டிருந்தார். விலை கொடுத்து வாங்கிய பதினொரு பேரில் அந்தத் தெருவிலேயே நான்கு பேர் இருந்தார்கள். ஆள் அனுப்பிக் கேட்டதில், நால்வருமே புத்தகத்தை மிகவும் புகழ்ந்தார்கள். எங்கே வைத்தோம் என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

"கெடங்கு பரண்மேல நானூத்தி இருபத்தெட்டு இருக்குது," என்றார் நயினார். அதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஏணி ஏறும் வயதில் அங்கே ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். "ஜெயராமா, ஒண்ணு எடுத்தாந்துடு."

தன்னை வேலையிலிருந்து நீக்கப்போகும் புத்தகத்தை எடுத்து வர ஜெயராமன் போனார். மற்றவர்களும் தோட்டத்து வழியாகப் பின்னால் போனார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போவதுபோல எழுதியவர் முன்னால் நடந்தார்.

நயினார் வீட்டு நெல் கிடங்கு பெரியது. அதில் எலிப்பொறி வைத்ததில்லை; மருந்து வைத்ததில்லை. ஏழு தலைமுறையாக நயினார்மார் அங்கே நெல் போட்டார்கள். எழுநூறு தலைமுறையாக எலிகள் தின்றன. செஞ்சி வட்டாரத்திலேயே பயமில்லாமல் நடமாடிய எலிகள் அவைதான்.

ஜெயராமன் ஏணியில் ஏறினார். தலை பரணுக்கு மேல் போனது. அப்படியே நின்றுவிட்டார். பரண்மேல் ஏதோ சீறியது. பாம்பு இவ்வளவு நீளமாகச் சீறாது.

"இன்னாய்யா?" என்றார் நயினார் கீழிருந்து.

ஜெயராமன் ஒவ்வொரு படியாக இறங்கினார். கை வெறுமையாக இருந்தது.

"எடுக்க முடியலீங்க," என்றார். "மேல ஒக்காந்திருக்குது."

"எது?"

ஜெயராமன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்குத்தான் பதினொரு வருஷ வேலை போகப்போகிறது. "நீங்களே பாத்துருங்க, சார்," என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ராமகிருஷ்ணன் ஏறினார். பாதி வரைக்கும்தான் போனார். அங்கிருந்தே கழுத்தை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். இறங்கி வந்தவர் கைக்குட்டையால் கழுத்தையும் முகத்தையும் துடைத்துக்கொண்டு, அதை மடித்து வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வெள்ளையா ஒரு மூஞ்சி இருக்கு," என்றார். "வெத்தல மாதிரி மூஞ்சி. என்னையே பாக்குது. அது என்னன்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. நான் இலாகா அதிகாரி. பறவை நிபுணர் நீங்க. நீங்க பாத்து எது சொல்றீங்களோ, அதத்தான் நான் எழுதணும்."

எல்லோரும் நயினாரைப் பார்த்தார்கள். அவர் ஏணியைப் பார்த்தார்.

அவர் ஏறுவதற்கு முன்பே ஜெயமாலா சொல்லிவிட்டாள். "அதுவா? போன வருஷத்துலேர்ந்து இருக்குதே. நெல்லு அளக்க வரப்பெல்லாம் புஸ்ஸுன்னு சீறும். எலித் தொல்ல கொஞ்சம் கொறஞ்சுதேன்னு உட்டுட்டேன்."

நயினார் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? பறவ பாக்கறேன்னு காலையில போனா அஞ்சு மணிக்குத்தான வரீங்க."

செல்லப்பன் அவர் காதருகே வந்தார். மூன்று பக்க முன்னுரை அவருடையது. "ஐயா, இது வெளியூர் ஆந்தையாகக்கூட இருக்கலாம். திண்டிவனம் பக்கம் இவை அதிகம். ஒரு துறட்டியால் தள்ளிவிட்டால் போய்விடும். போய்விட்டால் ஒன்பதாம் அத்தியாயம் அப்படியே நிற்கும். அதிகாரியும் மூஞ்சி என்றுதான் சொன்னாரே தவிர..."

"எனக்கு ஆட்சேபணை இல்லை," என்றார் ராமகிருஷ்ணன். "புத்தகம் கைக்கு வந்தா விசாரணை இன்னிக்கே முடிஞ்சுடும்."

துறட்டி கிடங்குச் சுவரிலேயே சாத்தியிருந்தது. ஜெயராமன் அதைப் பார்த்தார். ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

நயினார் ஏறினார். அவருடைய தலை பரணுக்குள் போனதும் சீறல் நின்றது. கீழே நின்றவர்களுக்கு அவருடைய வேட்டியும் இரண்டு குதிகால்களும்தான் தெரிந்தன. குதிகால்கள் அசையவே இல்லை.

மேலே, புத்தகக் கட்டுகளில் ஒன்று பிரிந்து கிடந்தது. எலி கடித்த சணல், கிழிந்த தாள், ரோம உருண்டைகள் இவற்றுக்கு நடுவே, செஞ்சிப் பறவைகளைப் பற்றிய முழுமையான ஆய்வின்மீது, வெள்ளை மார்பும் பொன்னிற முதுகுமாக ஒரு கூகை ஆந்தை உட்கார்ந்திருந்தது. அது கொஞ்சம் நகர்ந்தபோது அடியில் ஐந்து வெள்ளை முட்டைகள் தெரிந்தன. அது அவரைப் பார்த்தது. பதினான்கு மாதமாகத் தொலைநோக்கி வழியாகப் பறவைகளைப் பார்த்தவர் அவர். ஒரு பறவை நேருக்கு நேராக, ஒரு முழம் தூரத்தில், இமை கொட்டாமல் அவரைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"ஐயா, துறட்டி தரட்டுமா?" என்றார் செல்லப்பன்.

"முட்ட இருக்குது," என்று மேலிருந்து குரல் வந்தது. தலைவர் குரலாக இல்லை. யாரோ வீட்டு ஆளின் குரலாக இருந்தது. "அஞ்சு. யாரும் கிட்ட வரக் கூடாது. துறட்டிய எடுத்துட்டுப் போய் வெளிய போடு."

"ஐயா, நூலின் மானம்..."

"நூலு மேலதான்யா ஒக்காந்திருக்குது."

ஐந்து மணி ஆயிற்று. நயினார் இறங்கவில்லை. ஐந்தரைக்கு ஜெயமாலா இலை போட்டுவிட்டதாகச் சொன்னாள். அவர் கையைப் பின்னால் நீட்டி, இரு என்று காட்டினார். ஆறு மணிக்கு அவள் மறுபடியும் வந்து, "பொழுது போவுதுங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல சாப்பிட முடியாது" என்றாள். அப்போதும் கைதான் பதில் சொன்னது. ஜெயராமன் இரண்டு மணி நேரமாக ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் எதுவோ கீழே விழுந்துவிடும் என்பதுபோல. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. ஜெயமாலா போட்ட இலையை எடுத்துவிட்டாள். நயினார் வீட்டில் ஆண்பிள்ளை ஒருவர் நோன்பு இல்லாத நாளில் சாப்பிடாமல் இருந்தது அவளுக்குத் தெரிந்து அன்றுதான்.

கடைசி வெளிச்சத்தில் கூகை எழுந்தது. பரண் விளிம்புக்கு நடந்து வந்தது, நயினாரின் காதுக்குப் பக்கத்தில். சிறகை விரித்ததும் பரண் மறைந்துபோனது. சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைதான் எல்லோரையும் ஓரடி பின்னால் தள்ளியது. அது அவர்கள் தலைகளுக்கு மேலாக ஜன்னல் வழியே வெளியேறி, மாமரத்தைத் தாண்டி, கோட்டைப் பக்கமாகப் போனது. தோட்டத்துக்கு அப்பால் எங்கிருந்தோ ஓர் அலறல் கேட்டது. ராமகிருஷ்ணன் கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்தது.

நயினார் இறங்கினார். கால் மரத்துப்போயிருந்தது; ஜெயராமன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"எங்க போவுது அது?"

"களஞ்சியத்துக்குத்தாங்க. ஜோடி அங்கதான் இருக்குது."

நயினார் தலையை ஆட்டினார். அதிகாரி பக்கம் திரும்பினார். "எழுதிக்கங்க. செஞ்சியில ஆந்த இருக்குது. நான் கண்ணால பாத்தேன்."

அவர் கையெழுத்துப் போடும்போது இருட்டிவிட்டது. விளக்கு ஏற்றவில்லை. கையெழுத்து வரியை விட்டு இறங்கி, தாளின் ஓரத்துக்குப் போயிருந்தது.

மறுநாள் காலை விடிந்ததும் நயினார் பழையபடி ஆகிவிட்டார். கழகத்தின் கடிதத் தாளில் நான்கு ஊர்களுக்குக் கடிதம் போனது: செஞ்சி வட்டாரத்தில் முதன்முதலாக ஆந்தையைக் கண்டுபிடித்தவர் சந்திரநாத நயினார். இரண்டாம் பதிப்பு தயாரானது. ஒன்பதாம் அத்தியாயத்தில் இப்போது மூன்று பறவைகள்தான் இருந்தன. வடநாட்டில் ஆந்தை லட்சுமியின் வாகனம் என்று செல்லப்பன் புதிய முன்னுரை எழுதினார். அதுவும் மூன்று பக்கம். பாராட்டு விழா மாலை நான்கு மணிக்கு நடந்தது. பெஞ்சுகள் தூக்கிப் போட ஜெயராமனைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் பதிப்பின் பிரதிகள் பரணிலேயே இருந்தன. ஐந்து முட்டைகளில் நான்கு பொரிந்திருந்தன. குஞ்சுகள் வளரும்வரை அந்தப் பக்கம் நெல் அளக்கக்கூட யாரும் போகக் கூடாது என்று நயினார் சொல்லியிருந்தார். அதில் மட்டும் அவர் மாறவில்லை.

இலாகாவின் உத்தரவு பங்குனி கடைசியில் வந்தது. ஜெயராமன் இந்தத் தடவையும் வாசலிலேயே நின்று படித்தார். மீனம்பாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை இருந்ததைவிட மோசமாக இருந்தது அந்த முகம்.

"இன்னாய்யா? போயிடுச்சா?"

"இல்ல. இருக்குது." அவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார். "நயினார் கண்டுபிடிச்சாரு இல்ல, இருபத்தி ஒண்ணாந்தேதி. அன்னியிலேர்ந்து செஞ்சியில ஆந்த இருக்குதுன்னு இலாகா ஒத்துக்குதாம்."

"சரி."

"அதுக்கு மிந்தி வந்த சத்தத்துக்கு வெளக்கம் சரியில்லியாம். அப்ப ஆந்தய யாரும் கண்டுபிடிக்கலியாம். அதுக்காக என்ன எச்சரிக்க பண்றாங்களாம். சர்வீஸ் புக்குல ஏத்திட்டாங்க."

"சம்பளம் வருமா?"

"வரும்."

"சட்டயக் கழட்டச் சொல்லலியே?"

"சொல்லல."

"அப்ப உட்டுத் தள்ளு. உள்ள வா."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இருட்டியதும் வீட்டுக் கூரைக்கு மேலே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கடந்துபோனது. புளியமரத்துப் பக்கத்திலிருந்து அலறல் வந்தது. உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த மீனம்பாள் நிமிர்ந்தாள்.

"இன்னா சத்தம் அது?"

ஜெயராமன் வாயைத் திறந்தார். பிறகு நிறுத்தி, தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"இன்னிக்குத் தேதி இன்னா?" என்று கேட்டார்.

"ஏப்ரல் பத்து."

"அப்ப, ஆந்ததான்," என்றார்.